கழிப்பறையில் சாப்பிடலாமா? ஒரே மாதிரி தெரியும் சொற்களும் உங்கள் விருந்தினர் அட்டையும்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் நாலு அறைகளை விருந்தினர் தங்க விட்டிருக்கிறோம். சாப்பாட்டுப் பட்டியல், அறைக் குறிப்பு, எங்கள் ஐயா பினாங்கில் தொழில் செய்த கதையைச் சொல்லும் பலகை எல்லாவற்றையும் போன் செயலியில் போட்டு மலையாளம், தெலுங்கு, ஹிந்தி, மலாய் என்று எடுத்து அச்சடித்துவிட்டோம். வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: படங்களைப் பார்த்தேன். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் சிரித்த இடங்களை விட, சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போன இடங்கள்தான் எனக்குக் கவலை. சிரிப்பு வந்தால் ஏதோ தப்பு என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது, அர்த்தம் ஏதோ ஒருவிதத்தில் பொருந்திவிட்டால் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

முதலில் சிரிப்பு. மலையாள அட்டையில் செயலி சில சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே மலையாள எழுத்தில் போட்டிருக்கிறது, அதில் ஒன்று கழிப்பறை. மலையாளத்தில் கழிக்குக என்றால் சாப்பிடுவது, 'கழிச்சோ?' என்றால் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பது, அறை என்பதும் அவர்களுக்குப் புரிகிற சொல்தான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. வழி சொல்லும் பலகையில் ஊர்ப் பெயர்களில் வரும் 'பட்டி' அவர்களுக்கு நாய், ஆனால் ஊர்ப் பெயரை மாற்ற முடியாது, விடுங்கள். 'வெந்நீர்' என்ற இடத்தில் செயலி சரியாகவே 'சூடுவெள்ளம்' போட்டிருக்கிறது. நமக்கு வெள்ளம் என்றால் ஊரைக் கொண்டுபோவது, அவர்களுக்கு வெறும் தண்ணீர். தப்பு என்று நினைத்து நீங்கள் பேனாவால் அடித்திருக்கிறீர்கள், அதைப் பழையபடி ஆக்குங்கள்.

வளவு கொஞ்சம் யோசிக்க வேண்டிய சொல். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டுப் படத்தில் குறித்திருக்கிறீர்கள். மலையாளி 'வளவு' என்று படித்தால் சாலை வளைவு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது வீட்டைச் சுற்றியுள்ள காணி. சிங்களத்தில் 'வளவ்வ' என்றால் பெரிய மனிதர்களின் மாளிகை. இதை மொழிபெயர்க்காதீர்கள், பெயராகவே வைத்து, கீழே 'வீட்டின் நடு முற்றமும் சுற்றியுள்ள தாழ்வாரமும்' என்று ஒரு வரி அந்தந்த மொழியில் எழுதுங்கள். வீட்டு உறுப்புகள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இப்போது சிரிக்காத இடங்கள். 'அவசரம் என்றால் இரவிலும் அழைக்கலாம்' என்று தெலுங்கில் போட்டிருக்கிறீர்களே, தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ராத்திரி இரண்டு மணிக்கு காபி கேட்டு போன் வந்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை. ஹிந்தியில் 'அவசர்' வாய்ப்பு, மலையாளத்திலும் அப்படித்தான். கன்னடக்காரர் ஒருத்தர்தான் நம்மைப் போலப் பதறுவார். எல்லாம் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை, ஒவ்வொரு மொழியும் தனித்தனியாக வாங்கித் தனக்கு வேண்டிய பக்கம் இழுத்துக்கொண்டது. சம்சாரம் நமக்கு மனைவி, ஹிந்திக்கு உலகம், மலையாளத்துக்குப் பேச்சு. மாலை நிகழ்ச்சியில் இருக்கும் உபன்யாசம் ஹிந்தியில் நாவல், மலையாளத்தில் கட்டுரை, தெலுங்கருக்கு மட்டும் சொற்பொழிவு என்று சரியாகப் போய்ச் சேரும். வடமொழி வாசம் அடிக்கிற சொல் எல்லா இந்திய மொழிக்கும் பொது என்று நம்மில் பலர் நம்புகிறோம், இந்தத் தொல்லையில் பாதி அந்த நம்பிக்கையால் வருவது.

சாப்பாட்டுப் பட்டியலில் வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் புளி ஊற்றிச் செய்வது என்று நமக்குத் தெரியும். ஹிந்திக்காரருக்கு மண்டி மொத்த விலைச் சந்தை, நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏமனிலிருந்து வந்த கறிச்சோறு. சைவ வரிசையில் இருப்பதால் சண்டை வராது, ஆனாலும் செய்முறையை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பலாப்பழப் பாயசத்தை ஆங்கில எழுத்தில் 'பலா பாயசம்' என்று அடித்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது. மலாயில் பலா என்றால் ஜாதிக்காய், நம் பலாவுக்கு அவர்கள் சொல்வது நங்கா. பாயசத்தில் ஜாதிக்காய் போடுவது நடக்கக்கூடியதுதானே, அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், வேண்டாதவர் ஒதுக்கிவிட்டுப் போவார்.

குடும்பப் படத்துக்குக் கீழே 'ஆயா'. செட்டிநாட்டில் ஆயா அம்மாவைப் பெற்றவர், மலாயில் 'ஆயா' அப்பா, வடக்கே பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண். 'அம்மாவின் அம்மா' என்று அந்தந்த மொழியில் எழுதிவிடுங்கள். அப்பச்சியும் அப்படியே: நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் அப்பா, கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தா, தென்கேரளத்தில் சில வீடுகளில் அத்தை.

பினாங்குப் பலகையைத்தான் முழுக்கத் திருத்த வேண்டும், இதை யாருக்கும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 'ஐயா பினாங்கில் கடை வைத்திருந்தார்' என்பதை மலாயில் 'கெடாய்' என்று போட்டிருக்கிறது. அது நம் கடையிலிருந்து போன சொல்தான், ஆனால் அங்கே அது மளிகைக் கடை, காபிக் கடை. நகரத்தார் கடிதத்தில் கடை என்றால் வட்டித் தொழில் நடத்திய நிறுவனம். ஆங்கில எழுத்தில் 'கடை' என்று போட்டால் ஹிந்திக்காரர் வாணலி என்று படிப்பார். கிட்டங்கி என்பதற்குச் செயலி 'குடாங்' தந்திருக்கிறது, சரக்கு வைக்கும் இடம். சொல் உறவுதான், பொருள் வேறு: பல கடைக்காரர்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி (பணப்பெட்டி வைத்து உட்காரும் இடம்) போட்டுக் கணக்கு எழுதி, அங்கேயே தங்கிய இடம் அது.

உண்டியல் எல்லாவற்றையும் விட மோசம். 'ஐயா மாதாமாதம் உண்டியல் அனுப்பினார்' என்பதைச் செயலி காணிக்கைப் பெட்டி அனுப்பினார் என்று ஆக்கிவிட்டது. பணம் மாற்றும் சீட்டு அது. ஹிந்தியில் 'ஹுண்டி' என்று எழுதினால் அச்சாகப் பொருந்தும், தெலுங்கில் அதையே எழுதினால் திருமலை உண்டியல் ஆகிவிடும். விலாசமும் கவனம், உங்கள் பலகையில் அது கடையின் முதலெழுத்துகளைக் குறிக்கிறது, முகவரியை அல்ல. அப்புறம், பழைய மலாய் ரசீதைத் தட்டச்சு செய்யும்போது ஒன்று: 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இரண்டு ஆங்கில எழுத்தால் (ch) எழுதிய ச ஓசையை இப்போது ஒரே எழுத்தால் (c) எழுதுகிறார்கள். அகராதியில் 'செட்டி'யை அந்தப் புது எழுத்தில் தேடினால் வட்டிக்குக் கொடுப்பவர் என்று பொருள் வரும். அது திட்டு இல்லை, தொழிற்பெயர்.

மலாய் என்று நினைத்து இந்தோனேஷியத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். 'பெர்ச்சுமா' மலேசியாவில் இலவசம், இந்தோனேஷியாவில் பெரும்பாலும் வீண். காலை டிபன் வீண் என்று அட்டையில் எழுதினால் எப்படி இருக்கும்!

செயலிக்குக் கொடுக்கும்போது தமிழ் எழுத்திலேயே, முழு வாக்கியமாகக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் பட்டி, பாட்டி, பத்தி மூன்றும் ஒன்றாகிவிடும். 'உண்டியல்' என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்காமல் 'வேறு ஊரில் பணம் பெற்றுக்கொள்ள எழுதிய சீட்டு' என்று விரித்துக் கேளுங்கள். வந்ததை வேறொரு செயலியில் போட்டுத் தமிழுக்குத் திருப்புங்கள். அதிலும் நம் சொல்லே மாறாமல் திரும்பி வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது மொழிபெயர்க்கப்படவே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். கடைசியில் அந்த மொழி பேசும் விருந்தினர் ஒருவரிடம் 'சரியா?' என்று கேட்காமல் 'இதைப் படித்து உங்களுக்கு என்ன புரிகிறது, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காக எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அட்டைகளை மறுபடி அச்சடிக்க வேண்டாம். அவசரம், பலா, ஆயா, கழிப்பறை நாலுக்கும் மேலே திருத்திய வரியை ஒட்டினால் போதும். பினாங்குப் பலகையை மட்டும் கழற்றி வையுங்கள், தமிழ் வாசகத்தை மேலே சொன்ன மாதிரி விரித்து எழுதி அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.