பாதியில் நிற்கும் பதினோரு தையல் வேலைகள்: எங்கே தொடங்குவது?

மூன்று குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை), மீதி சட்டையும் பையுமாகப் பதினொன்று பாதியில் கிடக்கின்றன, பழையதிலிருந்து வரிசையாக முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. பழையதுதான் பெரும்பாலும் ஏதோ சிக்கலில் நின்றுபோனதாக இருக்கும். முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுங்கள்.

ஓரப்பட்டி (விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் துணிப்பட்டி) மட்டும் பாக்கி என்ற அந்த 60க்கு 72 அங்குல குயில்ட்தான் என் தேர்வு. சுற்றளவு 264 அங்குலம், மூலை மடிப்புக்கும் முனை இணைக்கவும் 12 சேர்த்தால் 276. 42 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டிகள் ஏழு வெட்டினால் போதும், சாய்வாக இணைத்தாலும் நீளம் வரும். உட்கார்ந்தால் ஒரே நாளில் மெஷினிலேயே தைத்து முடித்துவிடலாம்.

அப்புறம், நீலத் துணிப்பேனாவில் கோடு போட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, தண்ணீரில் போகும் வகைதானே? அதன் மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள். சூடு பட்டால் கறை நின்றுவிடும். அவசரத்தில் நான் அப்படி ஒரு வெள்ளைத் துணியைக் கெடுத்திருக்கிறேன். முதலில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

மற்றவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு, தையல் நீளம், நூல் நிறம், அடுத்து என்ன என்று துண்டுச்சீட்டு வையுங்கள். நான் பாதியில் விட்டதெல்லாம் பெரும்பாலும் எங்கே விட்டோம் என்பதே மறந்துபோனதால்தான்.

அளவு மாறிப்போன சட்டையா? பட்டனைக் கழற்றிக்கொண்டு துணியை வேறு வேலைக்கு வெட்டிவிடுங்கள். அதுவும் கணக்கில் ஒன்று குறைந்ததுதான்.