1/எக்ஸ் வளைவை வைத்தே மற்றவற்றை வரைவது எப்படி?

கேள்வி: (3எக்ஸ் − 5)/(எக்ஸ் − 2), (2எக்ஸ் − 1)/(எக்ஸ் + 1) ஆகிய விகிதமுறு சார்புகளின் வரைபடங்களை 1/எக்ஸ் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அட்டவணை போட்டு வரைந்தால் வளைவு கோணலாகிறது. உருமாற்றத்தை எங்கே தொடங்குவது?

பதில்: வகுத்தலில். கொடுத்திருக்கும் வடிவத்தில் நகர்வு எதுவும் கண்ணில் படாது. தொகுதியை (பின்னத்தின் மேலே உள்ளதை) பகுதியால் (கீழே உள்ளதால்) வகுத்தால், 3எக்ஸ் − 5 = 3(எக்ஸ் − 2) + 1. ஆகவே முதல் சார்பு 3 + 1/(எக்ஸ் − 2). மீதி 1 என்பதால் வளைவின் வடிவம் மாறவே இல்லை. 2 அலகு வலப்புறமும் 3 அலகு மேலேயும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவதில் 2எக்ஸ் − 1 = 2(எக்ஸ் + 1) − 3. அதாவது 2 − 3/(எக்ஸ் + 1). இங்கே வேலை கூடுதல்: 1/எக்ஸ் செங்குத்தாக 3 மடங்கு நீள்கிறது, எக்ஸ் அச்சில் எதிரொளிக்கிறது, பிறகு 1 அலகு இடப்புறமும் 2 அலகு மேலேயும் போகிறது. (1, 1) என்ற புள்ளியைப் பின்தொடருங்கள்: (1, −3) ஆகி, (0, −1) இல் நிற்கும். எக்ஸ் = 0 எனப் பிரதியிட்டாலும் −1 தான் வரும். வரைந்ததைச் சரிபார்க்க இப்படி ஒரு புள்ளி போதும்.

வரையும்போது வளைவை முதலில் தொடாதீர்கள். தொலைத்தொடுகோடுகளை (வளைவு நெருங்கிக்கொண்டே போனாலும் தொடாத நேர்கோடுகளை) புள்ளிக்கோடுகளாகப் போடுங்கள்: முதலாவதுக்கு எக்ஸ் = 2, ஒய் = 3; இரண்டாவதுக்கு எக்ஸ் = −1, ஒய் = 2. அவற்றையே புதிய அச்சுகளாகக் கருதினால், முதலாவதின் கிளைகள் வலது மேலும் இடது கீழும் அமையும். எதிரொளிப்பால் இரண்டாவதின் கிளைகள் இடது மேலும் வலது கீழும் அமையும். அட்டவணை முறை கோணலாவதற்குப் பெரும்பாலும் காரணம், தொலைத்தொடுகோட்டின் இருபுறமும் உள்ள புள்ளிகளை ஒரே வளைவாக இணைத்துவிடுவதுதான்.

வரிசையிலும் சறுக்கலாம். மேலே 2 நகர்த்திவிட்டு அப்புறம் −3 ஆல் பெருக்கினால் அந்த 2 கூட −6 ஆகிவிடும். நீட்டலும் எதிரொளிப்பும் முதலில், மேல்–கீழ் நகர்வு கடைசியில். பகுதியில் எக்ஸின் கெழு (எக்ஸைப் பெருக்கும் எண்) 1 ஆக இல்லாவிட்டால் அதை வெளியே எடுங்கள்: 1/(2எக்ஸ் − 6) வளைவு 6 அலகு நகர்வதில்லை. அது ½ · 1/(எக்ஸ் − 3). நகர்வு 3 தான்.

மீதி பூச்சியமானால் வளைவே கிடையாது. (2எக்ஸ் − 4)/(எக்ஸ் − 2) என்பது ஒய் = 2 என்ற கிடைக்கோடு; எக்ஸ் = 2 இல் மட்டும் ஒரு துளை. 1/(எக்ஸ்² − 4) போன்றவற்றை 1/எக்ஸை நகர்த்தியும் நீட்டியும் பெறவே முடியாது. அதற்குச் செங்குத்துத் தொலைத்தொடுகோடுகள் இரண்டு. இந்த உருமாற்றங்கள் அந்த எண்ணிக்கையை மாற்றுவதில்லை.