கை நடுங்குதுன்னு வாட்ச் செய்யாம இருந்துடாதீங்க

கடிதம்:

வணக்கம் அண்ணா. சொந்தமா ஒரு வாட்ச் செஞ்சு கட்டிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வீடியோ பாக்க பாக்க குழப்பம்தான் ஜாஸ்தியாகுது. பழைய மூவ்மெண்ட்டை, அதான் வாட்சுக்குள்ள ஓடுற மெஷினை, கழட்டி மாட்டிப் பழகுங்கன்னு ஒருத்தர் சொல்றார், பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணுங்கன்னு இன்னொருத்தர். அசெம்பிள் பண்றதெல்லாம் ஒரு வேலையாடான்னு ஃப்ரெண்டு கேக்குறான். போதாக்குறைக்கு சின்னதா எதையாவது பிடிச்சா எனக்கு கை லேசா நடுங்கும். எங்க ஆரம்பிக்கிறது?

- ஒரு வாசகர்

பதில்:

வணக்கம் தம்பி. ஃப்ரெண்டு சொல்றதை இப்போதைக்கு விட்டுடுங்க. ஜார்ஜ் டேனியல்ஸ்னு ஒரு வாட்ச் மேக்கர் இருந்தார், 2011ல இறந்துட்டார், கேஸ்ங்கிற வெளிக்கூட்டுல இருந்து முள்ளு வரைக்கும் தன் கையாலயே செஞ்சவர், அவர் கண்டுபிடிச்ச கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மெண்டைத்தான் (ஸ்ப்ரிங் சக்தியை கொஞ்சம் கொஞ்சமா விடுற பாகம்) 1999ல ஒமேகா தன்னோட வாட்ச்ல போட ஆரம்பிச்சது. அவரே ரிப்பேர் வேலை பாத்துதான் மேல வந்தார். முதல் நாளே எல்லாத்தையும் செஞ்சவங்க யாரும் கிடையாது.

என் கருத்து, அசெம்பிள்ல ஆரம்பிங்க. மூவ்மெண்ட்டுக்குள்ள இப்ப கை வைக்காதீங்க. சீக்கோவோட என்எச்35ங்கிற மூவ்மெண்ட் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஆட்டோமேட்டிக், கை அசைவுலயே ஏறிக்கும், கையால சாவியும் கொடுக்கலாம், முழுசா ஏறினா 41 மணி நேரம் ஓடும். அதுக்குன்னே செஞ்ச கேஸ், டயல், முள்ளு ஏராளமா கிடைக்கும், அதனாலதான் இதை சொல்றேன். டயல் 28.5 மில்லிமீட்டர் பாத்து வாங்குங்க, சாவி, அதான் பக்கத்துல திருப்புற குமிழ், 3 மணி பக்கமா 4 மணி பக்கமாங்கிறதை கேஸ் வாங்கும்போதே முடிவு பண்ணிடுங்க, ஏன்னா டயலுக்கு பின்னாடி இருக்கிற கால் எந்த ஓட்டைல உக்காரணும்ங்கிறது அதைப் பொறுத்துதான்.

முள்ளுதான் விஷயமே. என்எச்35க்கு மணி முள் ஓட்டை 1.50, நிமிஷ முள் 0.90, செகண்ட் முள் 0.20 மில்லிமீட்டர். ஈட்டிஏ 2824ங்கிற இன்னொரு மூவ்மெண்ட்டுக்கு முதல் ரெண்டும் இதே சைஸ், செகண்ட் முள் மட்டும் 0.25. அந்த 0.05 வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது, தெரியாம வாங்கிட்டா முள்ளு நிக்காம கழண்டு கழண்டு விழும், நம்ம கைதான் சரியில்லைன்னு நெனச்சு மனசு விட்டுடுவோம். சைஸ் எழுதாம விக்கிற முள் செட்டை தொடாதீங்க.

மாட்டுறப்ப முதல்ல சாவியை மெதுவா திருப்பி தேதி டக்குனு மாறுற இடத்துல நிறுத்துங்க. அதுதான் ராத்திரி 12. மூணு முள்ளையும் 12ஐ பாத்து வைக்கணும். மணி முள் மாட்டினதும் ஒரு சுத்து விட்டு டயலுக்கு சமமா போகுதான்னு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க, அப்புறம் நிமிஷ முள், அதையும் சுத்த விட்டு 3, 6, 9 எல்லா இடத்துலயும் ரெண்டும் உரசாம போகுதான்னு பாத்துட்டுதான் செகண்ட் முள். செகண்ட் முள்ளை அழுத்தி ஏத்தாதீங்க, ஓட்டை அந்த ஊசி முனைல நேரா உக்கார்ற வரைக்கும் லேசா வெச்சு பாத்துக்கிட்டே இருங்க, உக்காந்த பிறகு ஒரே அழுத்து. கோணலா இருக்கும்போது அழுத்தினா முள்ளோட குழாய் வளைஞ்சிடும். டயல் மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாளை வெச்சுட்டு வேலை பாத்தா ட்வீசர் வழுக்கினாலும் கீறல் விழாது.

இங்கதான் உங்க கை நடுக்கம் வருது. தம்பி, அந்தரத்துல நிக்கிற கை யாருக்கா இருந்தாலும் நடுங்கத்தான் செய்யும். வாட்ச் வேலை பாக்குறவங்க டேபிள் ஏன் நெஞ்சு உயரத்துக்கு இருக்குன்னு நெனைக்கிறீங்க? முழங்கையும் மணிக்கட்டும் டேபிள் மேல படிஞ்சு, ரெண்டு கை சுண்டுவிரலும் மூவ்மெண்ட்டை பிடிச்சு வெக்கிற ஹோல்டர்ல முட்டிக்கிட்டு இருந்தா அசையறது விரல் நுனி மட்டும்தான். உங்க டேபிள் தாழ்வா இருந்தா அது மேல பெட்டி ஏதாவது வெச்சு உயர்த்திக்கோங்க. ட்வீசரை இறுக்கி பிடிக்காதீங்க, இறுக்கினாதான் முள்ளு தெறிச்சு ஓடும். கண்ணுல லூப்ங்கிற பூதக்கண்ணாடியை மாட்டினதும் நடுக்கம் பெருசா தெரியும், அதைப் பாத்து பயப்படாம பழைய டயல் ஒண்ணுல ஒரே முள்ளை எடுத்து வெச்சு எடுத்து வெச்சு பழகினா கை தானா அடங்கும், இதை நம்பிக்கையா சொல்றேன்.

அடுத்தது தூசி. வாயால ஊதாதீங்க, எச்சில் துளி டயல்ல தெறிக்கும். ப்ளோயர் வெச்சு ஊதிட்டு மிச்சத்தை ரொடிகோல, அதான் களிமண் மாதிரி ஒட்டுற பொருளால, ஒத்தி எடுங்க. கேஸுக்குள்ள போட்டு கண்ணாடி வழியா பாக்குறப்பதான் இன்னும் ஒரு துகள் இருக்கிறது தெரியும், சலிச்சுக்காம திரும்ப திறங்க.

ஸ்டெம், அதாவது சாவியை மூவ்மெண்ட்டோட சேர்க்கிற கம்பியை, வெட்டுறது அவசரப்படவே கூடாத வேலை. தேவைக்கு மேல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, அரம் போட்டு கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு, ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பாருங்க. குட்டையாயிட்டா வேற ஸ்டெம்தான். திருகி மூடுற சாவியா இருந்தா உள்ள ஸ்ப்ரிங் இருக்கும், அதனால அழுத்திப் பிடிச்சுத்தான் அளவு பாக்கணும்.

ஓடினதும் ஒரு நாளைக்கு பத்து இருபது செகண்ட் முன்னப்பின்ன போனா கவலை வேண்டாம், இந்த மூவ்மெண்ட்டுக்கு கம்பெனி சொல்ற அளவே -20ல இருந்து +40 செகண்ட் வரைக்கும். திடீர்னு நிமிஷக்கணக்குல வேகமா ஓடினா காந்தம் ஏறியிருக்கும், காந்தத்தை எடுக்கிற டிமேக்னடைசர்ல ஒரு தடவை காட்டிப் பாருங்க. பேலன்ஸ்ங்கிற இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரத்துக்கு பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கும், வேகத்துக்கு ஒண்ணு, பீட் எரருக்கு (அந்த ஆட்டம் ரெண்டு பக்கமும் சமமா இல்லாம போறது) ஒண்ணு, எது எதுன்னு தெரியாம, டிக் சத்தத்தை வெச்சு ஓட்டத்தை அளக்கிற டைம்கிராஃபர் இல்லாம ரெண்டையும் தொடாதீங்க. தண்ணி புகாம தடுக்கிற கேஸ்கெட் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் போட்டு மூடினாலும் பிரஷர் டெஸ்ட் பண்ணாம தண்ணில இறக்காதீங்க, கேஸ்ல என்ன மீட்டர் எழுதியிருந்தாலும் சரி.

கழட்டி மாட்டுற ஆசை எங்கயும் போயிடாது. இந்த வாட்ச் கையில ஏறினப்புறம் யூனிடாஸ் 6497 மாதிரி பெரிய மூவ்மெண்ட் ஒண்ணு வாங்குங்க, 36.6 மில்லிமீட்டர் அகலம், சாவி கொடுக்கிறது, ஆட்டோமேட்டிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் கண்ணுக்கு தெளிவா தெரியும். பேலன்ஸ்ல சுருண்டிருக்கிற மெல்லிசான ஹேர்ஸ்பிரிங்கை மட்டும் கடைசி வரைக்கும் ட்வீசரால தொடாம பழகுங்க.

கேஸ் எந்த சைஸ், டயல் எந்த கலர்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு சேர்ந்தே பாத்துடலாம்.