திருச்செந்தூர் – கன்னியாகுமரி கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போனால் பறவைகளும் காட்டு உயிர்களும் பார்க்கக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல கன்னியாகுமரியில் கிளம்பி திருச்செந்தூரில் முடிக்காதீர்கள், அப்படியே திருப்பிப் போடுங்கள். வலசைப் பறவைகள் வருவது ஐப்பசிக்கு மேல். மார்கழி, தையில் இங்கே அடிப்பது வாடை, வடகிழக்கிலிருந்து வரும். நம் கரையும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகத்தான் இறங்குகிறது. திருச்செந்தூரில் கிளம்பினால் காற்று முதுகைத் தள்ளும், கன்னியாகுமரியில் கிளம்பினால் நாள் முழுக்க முகத்தில் அறையும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், ஆனால் அப்போது வந்தால் பார்க்க வலசைப் பறவை இருக்காது.

நீங்கள் வெளியூர்க்காரர் என்று நினைக்கிறேன். "அந்தப் பக்கம் வெறும் பொட்டல்தானே" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். பொட்டல் என்று எதைச் சொல்கிறார்கள்? தேரி என்கிற செம்மணல் மேட்டையா? அந்தத் தேரியில் நிற்கும் பனையோலைகளின் அடியில்தான் பனை உழவாரன் கூடு வைக்கிறது. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது பாருங்கள் அந்த நீலத்தை. மயிலும் கீரியும் சாலையைக் கடந்து போகும். காரில் எண்பதில் போகிறவர்களுக்கு இதெல்லாம் பொட்டலாகத்தான் தெரியும்.

போன தை மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். திருச்செந்தூரிலிருந்து விடியுமுன் நாலே முக்காலுக்குக் கிளம்பி, குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாட்டுக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கருமேனியாறு கடலில் சேரும் இடம் அது, மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் தெரியும். முகத்துவாரத்து மணல்திட்டில் ஆலா என்கிற கடற்பறவைகள் கூட்டமாக நின்றிருந்தன, எல்லாமே காற்றைப் பார்த்து, ஒன்றுகூடப் பக்கவாட்டில் திரும்பாமல். ஓரத்தில் உப்புக்கொத்தி என்கிற சிறு கரைப்பறவைகள் ஓடுவதும் நிற்பதும் குத்துவதுமாக இருந்தன. பையன் போட்டோ எடுக்கிறேன் என்று கிட்டே ஓடினான், மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டார், "ஏல, அதுபாட்டுக்கு நிக்குதுல்லா, எதுக்குல வெரட்டுத?" அப்புறம் அவரே கூப்பிட்டு உட்காரவைத்து, கடலில் ஆலா எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே மீன் கூட்டம் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தோம், பறவைகள் தானாகவே திரும்பி வந்தன. இந்தப் பாதையில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

சாலையை விட்டுத் தேரிக்குள் இறங்கினால் உடைமரத்து முள் டயரை விடாது. பெரியதாழை தாண்டி எனக்கு அதுதான் நடந்தது, கையில் இருந்த ஒரே டியூபும் போய்விட்டது. பஸ்ஸை நிறுத்தினால் சைக்கிளை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அப்பா கருப்பட்டிச் சிப்பத்தோடு சைக்கிளையும் பஸ் மேலே போட்டு, லக்கேஜ் டிக்கெட் வாங்கிச் சந்தைக்குப் போய் வந்தவர். இப்போது பஸ்ஸின் பின்னால் இருந்த ஏணியையே எடுத்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள், அதுவும் போய்விட்டது. சைக்கிளில் வருகிறவன் வேலை வெட்டி இல்லாதவன் என்ற பார்வை வந்துவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிற மாநிலத்தில். வெயிலில் உருட்டிக்கொண்டு நடந்த தூரம் எனக்குத்தான் தெரியும். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கடற்கரைச் சாலை என்று பெயர்தானே தவிர பல இடங்களில் கடல் கண்ணில் படாது, சாலை உள்ளே தள்ளிப் போகிறது. அதனால் உவரியில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் திசையன்விளை வழியாக உள்நாட்டுக்குத் திரும்பி கூந்தன்குளம் போய் வாருங்கள். அது கடற்கரையில் இல்லையே என்று யாராவது சொல்லலாம், தெரியும். ஆனால் பறவைக்காக வருகிறவரிடம் கூந்தன்குளத்தைச் சொல்லாமல் விட்டால் அது தப்பு. 1994இல் சரணாலயம் ஆனது, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பிருந்தே காப்பாற்றி வருகிறார்கள். தெருவுக்குள் இருக்கும் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். பூநாரையும் வரும். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்தால்தான் குளம் பெருகும், அதனால் தண்ணீர் கிடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மான் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கடற்கரையில் அதை எதிர்பார்க்காதீர்கள். வெளிமான் இருப்பது வல்லநாட்டுக் குன்றில், திருநெல்வேலி – தூத்துக்குடி சாலையில். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

டியூப் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மணப்பாட்டிலும் உவரியிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். மணல்திட்டில் பறவை நின்றால் சைக்கிளைத் தள்ளியே நிறுத்திவிட்டு உட்காருங்கள், கிட்டே போக வேண்டாம்.