ஓரம் சுருளும் ஸ்டிக்கர்: தப்பு வினைலிலா, உங்கள் அவசரத்திலா?

கேள்வி: ஈக்கோ சால்வென்ட் பிரின்டர் வைத்து, வினைல் என்ற பசையுள்ள பிளாஸ்டிக் தாளில் ஸ்டிக்கரும் வண்டி கிராஃபிக்ஸும் செய்கிறேன். ஒட்டி மூன்று வாரத்துக்குள் ஓரம் சுருண்டு பசை தெரிகிறது. விலை கூடிய வினைலுக்கு மாறினால் சரியாகுமா? புது ரோலை எப்படிச் சோதிப்பது?

பதில்: ரோலை மாற்றுவது இருக்கட்டும். அச்சடித்த எத்தனை மணி நேரத்தில் லேமினேட் செய்கிறீர்கள், அதாவது மேலே பாதுகாப்புத் தாள் ஒட்டுகிறீர்கள்? அன்றைக்கே என்றால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

கையில் ஒட்டவில்லை என்பதால் மை காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மையைக் கரைத்து வைத்திருக்கும் திரவமான சால்வென்ட் வினைலுக்குள் ஊறி, பசை வரைக்கும் இறங்கும். மேலே லேமினேஷனைப் போட்டு மூடிவிட்டால் வெளியேற வழி கிடையாது. பசை இளகும், வினைல் சுருங்கும். குறைந்தது 24 மணி நேரம், அடர்த்தியான நிறமென்றால் 48 மணி நேரம் காயவிடுங்கள். இறுக்கிச் சுற்றி வைப்பதும் மூடி வைப்பதும் ஒன்றுதான். தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், முடிந்தால் தொங்கவிடுங்கள். முகர்ந்து பார்த்து வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. வெட்டும் கோடு வரை அடர் நிறம் போகாமல், டிசைன் இடம் கொடுத்தால் ஓரத்தில் 2 மி.மீ. வெள்ளை விடுவதும் நல்லது.

இப்போது வினைலுக்கு வருவோம். காலண்டர்ட் வகையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்கிறார்கள். அதனால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. அதில் இரண்டு ரகம்: மோனோமெரிக் அதிகம் சுருங்கும், பாலிமெரிக் குறைவு. காஸ்ட் வினைலைத் திரவமாக ஊற்றிச் சூட்டில் இறுக வைப்பதால் அந்த இழுவிசை இல்லை; சுமார் 50 மைக்ரான்தான், வளைவுகளில் படிந்து உட்காரும். சில மாத விளம்பரத்துக்கு மோனோமெரிக் போதும். தட்டையான வண்டிப் பக்கங்களுக்கு பாலிமெரிக். பள்ளம், ரிவெட் இருந்தால் காஸ்ட், அதன் மேல் காஸ்ட் லேமினேஷன். காஸ்ட் மேல் மலிவான லேமினேஷனைப் போட்டால், சுருங்கும் மேல்தாள் கீழ்த்தாளையும் சேர்த்து இழுக்கும்.

சோதனைக்கு வருவோம். பெயின்ட் அடித்த தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உள்ளங்கை அளவு மூன்று துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒன்று அச்சில்லாமல் லேமினேட் மட்டும் செய்தது. இன்னொன்று முழுக் கறுப்பு அடித்து உடனே லேமினேட் செய்தது. மூன்றாவது, அதே கறுப்பை இரண்டு நாள் காயவிட்டு லேமினேட் செய்தது. ஒரு நாள் கழித்து ஒவ்வொன்றின் நடுவிலும் பிளேடால் கூட்டல் குறி மாதிரிக் கீறி, இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள்.

கீறல் மயிரிழையாகவே இருந்தால் சரி. வாய் பிளந்து தகடு தெரிந்தால் சுருக்கம். மூன்றுமே பிளந்தால் வினைல் அல்லது லேமினேஷன் மட்டம், அதை வாங்காதீர்கள். இரண்டாவது மட்டும் பிளந்தால் குற்றவாளி அவசரம்தான். இப்படிச் சோதிக்காமல் ஒருமுறை சப்ளையரோடு சண்டை போட்டு, பிறகு அசடு வழிந்தவன் நான்.

பசையைத் தகட்டில் சோதித்தால் போதாது. வாடிக்கையாளரின் பரப்பிலேயே ஒட்டி, ஒரு நாள் கழித்து இழுத்துப் பாருங்கள். பாலிபுரொப்பிலீன் பெட்டி, பாலிஎத்திலீன் டேங்க் மேல் சாதாரணப் பசை நிற்காது. தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அப்படிப்பட்ட பரப்புக்கு பிடிப்பு கூடிய ஹை டேக் பசை கேளுங்கள். புது பெயின்ட் என்றால் அது முழுதாக இறுகும் வரை ஒட்டவே வேண்டாம், கொப்புளம் எழும்.

அப்புறம், சோதனை அச்சை அந்த வினைலுக்கான ஐசிசி புரொஃபைலில் (நிறத்துக்கு எவ்வளவு மை என்று பிரின்டருக்குச் சொல்லும் கோப்பு) எடுங்கள். பழைய ரோலின் புரொஃபைலில் மை கூடுதலாக இறங்கினால், நல்ல வினைலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.