டம்ளரில் தண்ணீர் கூடினால் என்ன?

கேள்வி: ஒரு ஷாட்டில் நாயகி கையிலுள்ள டம்ளரில் பாதித் தண்ணீர். அடுத்த ஷாட்டில் டம்ளர் நிறைந்திருக்கிறது. இதைக்கூடக் கவனிக்காதவர் எதற்கு எடிட்டராக இருக்கிறார்?

பதில்: கவனித்திருப்பார். நீங்கள் ஒரு முறை பார்த்ததை அவர் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவர். பெரும்பாலும் தெரிந்தேதான் விட்டிருப்பார்.

ஒரே உரையாடலை முதலில் எல்லோரும் தெரியும்படி முழுதாக, மாஸ்டர் ஷாட்டாக எடுப்பார்கள். அப்புறம் லைட்டை மாற்றி, ஆளுக்கொரு குளோசப் எடுப்பார்கள். எந்த வசனத்தில் எந்தக் கை டம்ளரைத் தூக்கியது என்று கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று, பார்ப்பவர் குறித்துக்கொண்டே இருப்பார். அவரையும் மீறி ஒரு டேக்கில் தண்ணீர் கூடிவிடும். அந்த டேக்கில்தான் நடிகையின் குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்திருக்கும். நீங்கள் எடிட்டராக இருந்தால் எதை வைப்பீர்கள், குரலையா தண்ணீரையா? வால்டர் மர்ச் என்ற பெரிய எடிட்டர், ஒரு கட், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம், சரிதானா என்று பார்க்க ஆறு அளவுகோல்கள் சொன்னார். அதில் உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்களா என்பதற்கு வெறும் 4.

அதற்காகக் கன்டினியூட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கோபப்படும் இடம் வேறு. இருவர் பேசும்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒரு கற்பனைக் கோடு ஓடுகிறது. கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே, 180 டிகிரிக்குள், நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஒருவருடைய குளோசப்பை எடுத்துவிட்டால், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆளிடம் இருவரும் பேசுவதுபோல இருக்கும். கேமராவே ஷாட்டுக்குள் நகர்ந்து கோட்டைக் கடந்தால் பரவாயில்லை, நாமும் கூடவே நகர்கிறோம். சண்டைக் காட்சியில் இந்தத் திசை குழம்பினால் அடித்தது யார், வாங்கியது யார் என்றே தெரியாது. அதேபோல, ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றபிறகு வெட்டினால் கட் துருத்திக்கொண்டு தெரியும். எழும் அசைவின் நடுவே வெட்டினால் நம் கண் அசைவைத் துரத்திக்கொண்டு போய்விடும், ஒட்டு தெரியாது. அளவும் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு ஷாட்களை அடுத்தடுத்து ஒட்டினாலும் படம் தூக்கிப்போடும். கேமராவை 30 டிகிரியாவது நகர்த்தச் சொல்வது அதனால்தான்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டம்ளரைக் கண்டுபிடித்த அந்த நிமிடத்தில் நாயகி என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? ஞாபகம் இருந்தால் எடிட்டர் செய்தது சரி. ஞாபகம் இல்லையென்றால் உங்கள் புகார் அந்தக் காட்சியைப் பற்றியது. அதை எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.