அதிகாலை மூன்று மணியும் கைபேசியும்: மனநலம், வாசகர் கேள்வி – பதில் (இலங்கைப் பொருளாதார நெருக்கடிக் காலம், 2022 ஜூலை)

ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, கை தானாகவே கைபேசிக்குப் போகிறது. பேஸ்புக்கைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. பார்க்காவிட்டால் ஏதோ நடந்துவிட்டது போலிருக்கிறது. வயது 42.
– வாசகி, வெள்ளவத்தை

மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு, ஏப்ரல் 1இல் அவசரகாலச் சட்டம், மே 9 வன்முறை, ஜூலை 13இல் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறியது. இத்தனையும் நான்கு மாதத்துக்குள். இதற்குப் பயப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டோம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் மூன்று மணிச் செய்தி வேறு விடயம். அந்த நேரத்தில் உடல் விழிப்புக்குத் தயாராகத் தொடங்குகிறது, கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் ஏறுகிறது, யோசிக்கும் மூளையோ களைத்திருக்கிறது. பகல் பத்து மணிக்கு வெறும் செய்தியாகத் தெரிவது அப்போது உலகமே முடிந்ததுபோல் தெரியும். அந்நேரம் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை.

இன்றிரவே கைபேசியைக் குசினியில் சார்ஜ் போடுங்கள். எழும்புவதற்குப் பழைய மணிக்கூடு ஒன்று போதும், அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். அவசர அழைப்பு தவறிவிடுமோ என்ற பயம் இருந்தால், தம்பியோ பக்கத்து வீட்டாரோ ஒருவருடைய இலக்கம் மட்டும் இரவில் ஒலிக்கும்படி அமைத்துவிடுங்கள். செய்தி நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 20 நிமிடம்: காலைச் சாப்பாட்டுக்குப் பின், மாலை ஆறு மணிக்கு.

இதைச் செய்து பார்த்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்கள்தான் காரணம். மச்சாளின் ‘காலை வணக்கத்துக்கு’ கீழேயே தீ எரியும் வீடியோ வந்து நிற்கும். குழுவை விட்டு விலக வேண்டியதில்லை, சத்தத்தை நிறுத்துங்கள். கைபேசியைத் திறக்கும் முன் என்ன தேடுகிறீர்கள் என்று முடிவெடுங்கள். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு எந்த நாள் பெற்றோல்? ஊரடங்கு உண்டா? மின்வெட்டு எத்தனை மணிக்கு? பார்த்து, தாளில் எழுதி, மூடிவிடுங்கள்.

படபடப்பு வந்ததும் பலர் வாயைத் திறந்து பெரிதாக மூச்சிழுக்கிறார்கள். அதுதான் பிழை. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, தலை சுற்றி, விரல் நுனி விறைக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். வாயை மூடி, தொப்புள்மேல் கை வைத்து, மூக்கால் நான்கு எண்ணும்வரை மெல்ல உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஐந்து நிமிடம். முதலில் ஒரு வாரம், மனம் அமைதியாக இருக்கும் பகலில் இரண்டு தடவை பழகுங்கள். பதற்றத்தின் உச்சத்தில் முதன்முறை முயன்றால் கைகொடுக்காது.

இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் படுக்கையை விட்டெழும்பி, மங்கிய வெளிச்சத்தில் உடுப்பு மடியுங்கள். கடைசிப் பிளேன்ரீ பகல் இரண்டு மணிக்கு. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், பதற்றம் என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. கடை வரிசைகளைப் பார்த்து, “திரும்பவும் வரப்போகுது” என்கிறார். அரிசி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று அறை நிறையச் சேர்க்கிறார். “இது யுத்தமில்லை அம்மா” என்றால் கோபிக்கிறார்.
– வாசகர், சாவகச்சேரி

அவர் கோபிப்பது நியாயம். 1990களில் யுத்தகாலத்தில் வடக்கில் இருந்த பொருளாதாரத் தடையில், ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி இரவைக் கடந்த தலைமுறை அவருடையது. சேர்த்து வைத்ததால்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு சண்டை பிடிக்காதீர்கள், அதற்கு அளவு வையுங்கள்.

அம்மாவோடு இருந்து, இரண்டு கிழமைக்கு எது எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால் 21 கிலோ. அதற்குமேல் வாங்கினால் பழையதை முதலில் சமைக்க வேண்டும். கொப்பி அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். கணக்கு தெரிந்தால் பயம் சற்று அடங்கும். மண்ணெண்ணெயைப் படுக்கும் அறையில் வைக்க விடாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள கானில், அடுப்புக்குத் தொலைவில் வையுங்கள்.

ஏதாவது சத்தத்தில் அவர் விறைத்துப்போய் நின்றால் பிடித்து உலுப்பக் கூடாது. வழமையான குரலில் “அம்மா, நாங்கள் வீட்டிலதான் இருக்கிறம், இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்று சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொடுத்து, குசினியில் தெரியும் ஐந்து சாமான்களின் பெயரைக் கேளுங்கள். தெளிந்த பிறகு, “அப்ப என்ன செய்தனீங்கள் அம்மா?” என்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கெட்ட கனவுகள் தொடர்ந்தாலோ சாப்பாடு குறைந்தாலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

பதற்றத்துக்கு மூன்று வருடமாக செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எடுக்கிறேன். பாமசிகளில் இல்லை. கையில் எட்டு மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

வேண்டாம். இம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். நாள் விட்டுக் குடித்தால் அளவு ஏறி இறங்கி, தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோன்ற உணர்வு வரும். நோய் திரும்பிவிட்டதென்று பலர் கலங்குவது இதைப் பார்த்துத்தான்.

எட்டு மாத்திரை இருக்கும்போதே, நாளைக்கே கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே வகையில் கிடைக்கும் இன்னொரு மருந்துக்கு மாற்ற வைத்தியரால் முடியும். அதுவரை தினமும் வழமையான அளவைக் குடியுங்கள். தெரிந்தவர் தரும் நித்திரைக் குளிசையை வாங்காதீர்கள். பல குளிசைகள் சில கிழமைகளிலேயே பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம்.

பஸ் இல்லாமல் போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். மருந்தின் பெயரையும் அளவையும் மிச்சமுள்ள எண்ணிக்கையையும் முதலிலேயே சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அதே இலக்கத்துக்கு அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.